விண்கலத்துச் சமையலறையில் உம்மாவின் அச்சாறுப் போத்தல்

சாய்ந்தமருது - 09
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், 2.10 மணி

அன்பு மகள் அம்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் பாதி சுகம். மெல்போர்ன் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு எதையும் நேரம் போட்டு எழுதினால்தான் ஒழுங்காக வரும். மருதமுனை ஷிப்லி அடுத்த வாரம் அங்கு வருகிறார். கொழும்பில் வைத்து இந்தக் கடிதத்தையும் பார்சலையும் அவர் கையில் கொடுக்க இருக்கிறோம்.

போன மாதம் நாலாம் தேதி காலை 8.12க்குத்தான் எல்லாம் தொடங்கியது. உம்மாவின் போன் அடித்தது. தேசிக்காய் அச்சாறு கேட்டு யாரோ எடுக்கிறார்கள் என்று நினைத்து உம்மா, "எத்தின போத்தல்?" என்றாள். அந்தப் பக்கம் ஓர் ஆண் இங்கிலீஷில் என்னவோ கேட்டுவிட்டுச் சிரித்தான். உம்மா பயந்துபோய்ப் போனை என்னிடம் தந்தாள். அவன், "இது விண்கலமா?" என்று கேட்டான். நான் மரியாதையாக, "இல்லை, இது சாய்ந்தமருது" என்றேன். அவன் இன்னும் கூடச் சிரித்தான். பத்து நிமிடத்தில் இன்னொன்று. பகல் சாப்பாட்டுக்கு முன் பதினேழு. பிலிப்பைன்ஸ், கனடா, பிறகு பெயரே விளங்காத ஒரு நாடு. தொல்லை தாங்காமல் உம்மா போனை என் சட்டைப் பையில் போட்டுவிட, நான் அதோடேயே ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போக, குத்பாப் பிரசங்கம் நடுவில் பிரேசில் அடித்தது. பக்கத்தில் இருந்த மீராமுகைதீன் ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பஸ்மினா டீச்சர்தான் தன் போனில் வரப்போகிற ஒரு சினிமாவின் விளம்பரத் துண்டைக் காட்டினாள். விண்வெளியில் தனியாகப் போகிற ஒரு மனிதன், அவனுடைய சமையலறைச் சுவர்த் தட்டு, தட்டில் நம்முடைய போத்தல். 'அஸீஸா தேசிக்காய் அச்சாறு.' உம்மாவின் பெயருக்குக் கீழே போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கட்டாரில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முன்னால் நம் நாட்டு நம்பர் 94 போட்டு அச்சடிக்கச் சொன்னதும் நான்தான். உம்மா போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இது நான் போன வரியம் நோன்புக்கு முன்ன அனுப்பின போத்தல்கா. மூடி நெளிஞ்சிரிக்கிற பாரு" என்றாள்.

மகள், நீ சினிமாவுக்குச் சாமான் அடுக்குகிற வேலை செய்கிறாய் என்று நான் ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் 'வீட்டு அலங்காரம்' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அந்தப் போத்தலைப் பார்த்ததிலிருந்து எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் 10.40க்கு உங்கள் கம்பனியிலிருந்து கிளேர் என்று ஒரு பெண் எடுத்தாள். மிகவும் தன்மையாகத்தான் கேட்டாள்: "உங்கள் போத்தல் எங்கள் படத்துக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" ஆசையோடு கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். "தெரியாமல் என்ன? என் மகள்தான் வைத்தாள்! உங்களிடம்தான் வேலை செய்கிறாள்!" என்று, உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொன்னேன். பிழையாக எழுதிவிடுவாளோ என்று பயம்.

அதற்குப் பிறகு நீ எடுத்து, "கொஞ்சம் லீவுல இரிக்கன் வாப்பா" என்றாய். உன்னை வேலையால் நிப்பாட்டிவிட்டார்கள் என்று, அங்கே இருக்கிற உன் மாமா மகன் நிப்றாஸ்தான் முழுவதையும் சொன்னான். அந்தத் தட்டில் தங்கள் டின் தெரியவேண்டும் என்று ஒரு நூடில்ஸ் கம்பனி காசு கட்டியிருந்ததாம். டின்னுக்குப் பக்கத்தில் வெறும் இடம் இருக்க, படம் பிடிக்கிற நேரத்தில் நீ உன் சாப்பாட்டுப் பையிலிருந்து போத்தலை எடுத்து வைத்துவிட்டாயாம். கமரா டின்னை விட்டுவிட்டுப் போத்தலைப் பிடித்துக்கொண்டதாம். நூடில்ஸ்காரர்கள் கத்த, வைத்தது யார் என்று மூன்று கிழமை விசாரணை நடந்ததாம். யாருக்கும் பிடிபடவில்லையாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று நீ இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், யோசிக்காதே மகள். உன் வாப்பாதான்.

இதை உம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்னதும் அவள் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வழமைபோலச் சோறு பரிமாறினாள். கை கழுவும்போதுதான், "இஞ்சப் பாருங்க, புள்ளட பேரச் செல்லுற நேரமெல்லாம் உட்டுட்டு, செல்லப்படாத எடத்துலயா பெரும அடிக்கிற?" என்றாள். அவ்வளவுதான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ்மினா வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கிளேருக்குப் போன் போட்டு, பஸ்மினாவை மொழிபெயர்க்க வைத்து, உம்மா கதைத்தாள்.

"அது கடைக்கிப் போட்ட போத்தல் இல்லயாம் எண்டு செல்லு. எண்ட புள்ளக்கித் திங்கக் குடுத்தது. தனிய இரிக்கிற ஒரு மனிசன்ட அடுப்படியப் பாத்திட்டு, எண்ட புள்ள தன்ட பங்க எடுத்து வெச்சிரிக்காள். இதுக்கா வேலயால நிப்பாட்டின?"

பஸ்மினா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். பிறகு கிளேர், அந்த அச்சாறு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று கேட்டாள். "கரண்டி ஈரமில்லாட்டி ரெண்டு வரியம்" என்றாள் உம்மா.

அடுத்த நாளே ஒரு பத்திரம் வந்தது. போத்தல் படத்தில் இருப்பதற்கு உம்மா சம்மதம் என்று கையெழுத்து வைத்தால், அதைக் கம்பியூட்டரால் அழிக்கமாட்டார்களாம். நூடில்ஸ்காரர்களைப் படத்தில் வேறோர் இடத்தில் காட்டிச் சமாளித்துவிட்டார்களாம். உனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை திரும்பக் கிடைக்குமாம். உம்மா பிஸ்மி சொல்லித் தமிழில் கையெழுத்து வைத்தாள்.

ஆனால் நீ அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, வாப்பா என்ன சொல்வாரோ என்று பார்த்திருக்கிறாய் என்று நிப்றாஸ் சொல்கிறான். அதனால் வாப்பா சொல்கிறேன். வேண்டாம் மகள். என் முப்பத்தொரு வருடத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் நான் வாங்கியதில்லை. ஒரு போத்தலுக்காக நீ வாங்கத் தேவையில்லை. தட்டில் சாமான் அடுக்குவதற்கு இவ்வளவு தூரம் போய்க் குளிரில் கிடக்கவேண்டுமா? அதை நம் வீட்டிலும் செய்யலாம். இங்கே அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் நீ வைத்து அனுப்பு. பெருநாளைக்கு வந்து சேர். வாப்பாவை மன்னித்துக்கொள்.

அல்லாஹ் உன் தொழிலில் ரிஸ்கை விசாலமாக்கி, உன்னை ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் வைத்திருப்பானாக. நிப்றாஸுக்கும் சலாம் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அன்பு வாப்பா,
ஆதம்பாவா பளீல்

பி.கு: புதன்கிழமை, கொழும்பு, மாலை 6.05 மணி. ஷிப்லியைச் சந்திக்க நேற்றிரவு பஸ் ஏறி வந்தோம். அவர் விமானம் நாளைக்குத்தான். இன்று பகல் சும்மா இருக்க ஏலாமல் உம்மா, "வாங்க, அந்தப் படத்தப் பாப்பம். ஹறாமான காட்சி வந்தா கண்ண மூடிக்குவம்" என்றாள். நான் படமாளிகைக்குள் கால் வைத்து நாற்பது வருடம். வாசலில் நின்ற பொடியனிடம் படம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டுவிட்டேன். உள்ளே விண்கலம் எழும்பியபோது உம்மா பயண துஆ ஓதினாள். முன் வரிசையில் ஒருவர் ஆமீன் சொன்னார்.

மகள், போத்தல் வந்தது. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நான் பார்த்தது அதை மட்டுமில்லை. அந்த மனிதன் இடக்கைக்காரன். கோப்பையின் பிடி அவன் இடப்பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கோப்பை, கழுவிக் கவிழ்த்தபடி. அவன் மனைவி உயிரோடு இல்லை என்று அதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோப்பைதான் சொன்னது. யாரோ இப்போதுதான் எழும்பிப் போனமாதிரி அந்தச் சமையலறை இருந்தது. உம்மா என் காதுக்குள், "இதயா எண்ட புள்ள செய்ற?" என்றாள். ஓம் என்றேன்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். உள்ளே தேடாதே. மேலே எழுதியதில் சலாமையும் மன்னிப்பையும் மட்டும் எடுத்துக்கொள், மற்றதை விடு. எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போ.

படம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் நாங்கள் இருந்தோம். பெயர்கள் ஓடின, ஆயிரம் பேர் இருக்கும். 5.47க்கு 'அம்ஹா பளீல்' வந்தது. ஒன்றரை விநாடி. தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவரிடம், "எண்ட மகள்ட பேர்!" என்று நான் கத்திவிட்டேன். அவர் சிங்களவர், விளங்காமலே தலையாட்டினார். உம்மாதான் பார்க்கவில்லை. அழுது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் 6.30 காட்சிக்கு மறுபடியும் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறோம்.