காக்காவுக்கு ஒரு ஆப்பிள் கேக்

“கச்சிராயபாளையத்துலேர்ந்து பேசுறீங்களா? ஆப்பிள் கேக்கு எங்க கடையில போட்டதே இல்லிங்களே” என்று சொல்லிவிட்டுப் பேக்கரியில் போனை வைத்துவிட்டார்கள்.

கமலா போனை மகன் சுபாஷிடம் நீட்டினாள். “இன்னாடா இது? வாரா வாரம் உங்கப்பா அங்கேர்ந்துதானே வாங்கிக்கினு வருவாரு? போட்டதே இல்லைன்றாங்க.”

“புதுசா யாராச்சும் கடைய எடுத்திருப்பாங்கம்மா, வுடு. இனிப்புக்குத்தான் பாயசம் இருக்குதே.”

“பாயசம் எல்லாருக்கும் படைக்கிறது. அவருக்குப் புடிச்சது கேக்குடா.”

அன்று தெய்வசிகாமணிக்கு முதல் வருஷத் தெவசம். போனவருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். காக்கா வந்து அதில் வாய் வைத்தால் அவரே வந்து சாப்பிட்ட மாதிரி. அந்தத் தெருவில் பீடி வைத்திருக்கிறார்கள், புரோட்டா வைத்திருக்கிறார்கள். எதிர் வீட்டில் ஒரு தடவை குவாட்டர் பாட்டிலையே மூடியைத் திறந்து வைத்தார்கள். கேக்கை மட்டும் இதுவரை யாரும் வைத்ததில்லை.

திருக்கோவிலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த நாத்தனார் செந்தமிழ்ச்செல்விக்கு இது பொறுக்கவில்லை. “எந்தம்பி எப்பலேர்ந்துடி தொரை ஆனான்? களி உருண்டைய வெச்சுக்கினு பச்ச மொளகாயைக் கடிச்சவன்டி அவன்.”

“அதெல்லாம் முன்ன, அண்ணி. கரன்சி வகுப்புல சேந்து பாஸும் ஆனவரு அவரு.”

இதைச் சொல்லும்போது கமலாவின் கழுத்து தானாக நிமிரும். சர்க்கரை ஆலையின் எடைமேடையில் காலமெல்லாம் கரும்பு வண்டிகளை எடை போட்ட மனிதர், ரிட்டயர் ஆன கையோடு கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரி மாடியில் நடந்த கரன்சி வர்த்தக வகுப்பில் சேர்ந்தார். புதிதாகக் கற்பவர்களுக்கான வகுப்பு. டாலர் ஏறும், ரூபாய் இறங்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும், விற்க வேண்டும். “காசெல்லாம் போடலை கமலா, சும்மா பழகிப் பாக்கறதுதான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டவுன் பஸ் ஏறுவார். சாயங்காலம் சட்டையெல்லாம் சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் தூளோடும் கையில் ஒரு கேக் டப்பாவோடும் திரும்புவார்.

“இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்பாள் கமலா.

“அவசரப்படக் கூடாது. உள்ள போற நேரம் பாத்து உள்ள போவணும். நடுவுல நடுவுல தொறந்து பாக்கவே கூடாது.”

கமலா இதை ரேஷன் கடை வரிசையில் அப்படியே ஒப்பிப்பாள். அதற்குப் பிறகு தெருவில் யார் தங்கம் வாங்குவதாக இருந்தாலும் முதலில் கமலாவை வந்து கேட்டார்கள்.

கேக்கை மட்டும் அவள் விட்டுவைக்கவில்லை. சென்னையில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட ஆப்பிள் கேக்கை இருபது வருஷமாக மறக்காதவள் அவள்.

“பட்டை ஜாஸ்தி.”

“அடி கருகிக் கெடக்குது.”

“தோலைக்கூட சீவாம போட்ருக்கான் பாருங்க, சோம்பேறி.”

தெய்வசிகாமணி ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு, அவள் இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். “இப்பத்தான் அந்தாளுக்குக் கேக்கு போட வந்துருக்குது” என்றாள். அடுத்த ஞாயிறு அவர் டப்பா இல்லாமல் திரும்பினார். “பாஸாயிட்டேன் கமலா. வகுப்பு முடிஞ்சுபோச்சு” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அதையும் அவசரப்படாமல்தான் செய்தார். மதியச் சாப்பாட்டை முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு.

“பாஸானா சர்டிபிகேட் குடுத்துருப்பாங்களே, எங்கடி?” என்றாள் நாத்தனார். “பத்தாவதுல ரெண்டு தரம் கோட்டடிச்சவன் அவன். அவன் அக்கா நானு, எனக்குத் தெரியாதா?”

கமலாவுக்குச் சுருக்கென்றது. “கேக்கு இலையில இருக்கும், அண்ணி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

சுபாஷ் போனில் ஒரு வீடியோ பிடித்துக் கொடுத்தான். இட்லிப் பானையில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, மேலே மாவுக் கிண்ணத்தை வைத்து மூடினால் கேக் தயார் என்றது அது. முதல் தகராறு முட்டையில் வந்தது.

“தெவச வூட்டுல முட்டையா!” என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள்.

முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றினாள். மாவு மோராக ஓடியது. அதை இறுக்க இன்னும் மைதா கொட்டினாள். செங்கல் மாதிரி ஆனது. செங்கல் உப்பிவர வேண்டுமே என்று ஒரு கை சோடா மாவு போட்டாள். மணலை சுபாஷ் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து அள்ளி வந்திருந்தான். நல்ல ஈர மணல்.

கொஞ்ச நேரத்தில் பானை உஸ்ஸென்றது. பிறகு மூடி தானாக எழும்பி ஆட ஆரம்பித்தது.

“உப்பிக்கினு வருதும்மா!” என்று சுபாஷ் மூடியில் கை வைக்கப் போனான்.

“தொறக்காதடா! நடுவுல தொறக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லுவாரு!”

“அது டாலருக்கும்மா!”

“எதுக்கா இருந்தா இன்னா? அவரு சொன்னா சொன்னதுதான்.”

கேக் பொங்கி, மூடியைத் தள்ளி, மணலில் வழிந்து கருகியது. வீடெல்லாம் புகை. அடுப்பை அணைத்துப் பார்த்தால் மேலே கரி, உள்ளே பச்சை மாவு. கமலா கரியைச் சுரண்டினாள். அதோடு பாதி கேக் போனது. மிச்சம் வேகட்டும் என்று இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டினாள். அது குழைந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. கரண்டியால் நெம்பி எடுத்து, மானம் போகாமல் இருக்க மேலே நாலு ஆப்பிள் துண்டைப் பதித்தாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “சுத்தி வளைச்சு களியே கிண்டிட்ட. எந்தம்பிக்குப் புடிச்சதுதான், வெய்யி.”

மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டார்கள். சுபாஷ் “கா... கா...” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். கோமுகி அணைப் பக்கமிருந்து ஒரு காக்கா வந்து இறங்கியது. வடையைக் கொத்தியது. சோற்றைக் கிளறியது. பிறகு கேக்கை ஒரு கொத்து கொத்தியது. அலகு ஒட்டிக்கொண்டது. தலையை உதறி, காலை ஊன்றி இழுத்து, ஒருவழியாக விடுபட்டு, அலகைச் சுவரில் இப்படியும் அப்படியும் தீட்டியது. பிறகு தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

“பாத்தியா? அவனே வேணாம்னுட்டான்” என்றாள் நாத்தனார். “கேக்கும் பொய்யி, பாஸும் பொய்யி.”

அவரைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேசியே ஒரு வருஷத்தை அழாமல் ஓட்டியவள் கமலா. அந்தக் காக்காவின் முதுகைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போது கீழே ஒரு பைக் வந்து நின்றது. ஒல்லியான ஒருவன் கையில் டப்பாவோடு படியேறி வந்தான்.

“எடைமேடை சார் வூடு எதுன்னு விசாரிச்சுக்கினு வரேங்க. மாயவன்னு பேரு. கல்வராயன்மலை சொந்த ஊரு, கள்ளக்குறிச்சி பேக்கரியில மாஸ்டரா இருக்கேன். கச்சிராயபாளையத்துலேர்ந்து ஆப்பிள் கேக்கு கேட்டாங்கன்னு கடையில சொன்னாங்க. சாரு வூடாத்தான் இருக்கும்னு போட்டு எடுத்தாந்தேன்.”

டப்பாவைத் திறந்ததும் கிராம்பு வாசனை மாடியெல்லாம் பரவியது. கமலா ஒரு துண்டை இலையில் வைத்தாள். காக்கா திரும்பிப் பார்த்தது. தத்தித் தத்தி வந்தது. ஒரு கொத்து கொத்திவிட்டு, முழுத் துண்டையும் கவ்விக்கொண்டு பறந்தது.

சுபாஷ் கை தட்டினான். கமலா ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அதேதான்.

“சாப்பிட்டுப் பாருங்க அண்ணி, இதான் அது! ஏன் தம்பி, வாரா வாரம் இதைப் போட்டு வித்துட்டு, போட்டதே இல்லைன்னு போன்ல சொல்றாங்களே, ஞாயமா?”

மாயவன் தலையைச் சொறிந்தான். “கடையில போட்டதில்லிங்கம்மா.”

“கேக்கு கெடக்கட்டும்பா” என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். “உங்க கடை மாடியிலதானே அந்த டாலரு வகுப்பு? எந்தம்பி அதுல பாஸானானா இல்லியா, அதைச் சொல்லு.”

மாயவன் கமலாவைப் பார்த்தான். “மாடிக்கு சாரு மொத வாரம் போனதோட சரிங்க, அப்புறமெல்லாம் கீழ என் அடுப்பாண்ட நின்னு இந்தக் கேக்கைப் போட்டுப் போட்டுக் கத்துக்கினாரு, நீங்க சொன்ன கொறைய வாரா வாரம் ஒண்ணு வுடாம எங்கிட்ட ஒப்பிச்சுக்கினு... கடைசியா வந்தப்ப, ‘மாயவா, எங்கூட்டம்மா மூணாவது துண்டுக்குக் கைய நீட்டிட்டாடா, நான் பாஸாயிட்டேன்’னு எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனாரும்மா.”