முப்பத்தியொன்றுக்குப் பசியில்லை

முப்பத்தியொன்றாம் நம்பர் பன்றி காலையிலிருந்து தீவனத்தைத் தொடவே இல்லை என்று அல்போன்ஸ் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது அவர் காலடியில் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

“என்ன சத்தம் அது?” என்றார் மறுமுனையில் கால்நடை டாக்டர் எழிலரசி.

“பக்கத்துப் பன்னிங்க திங்குதுங்க டாக்டரம்மா. இது பாட்டுக்கு அதுகள பாத்துக்கிட்டு நிக்குதுங்க.”

“சரி, பதினோரு மணிக்கு வரேன்.”

போனை வைத்ததும் அல்போன்ஸ் துண்டை நனைத்து முப்பத்தியொன்றின் வாயில் ஒட்டியிருந்த மக்காச்சோள மாவைத் துடைத்தார். அது துண்டையும் தின்னப் பார்த்தது.

ஏரியூரிலிருந்து மூன்று மைல் தள்ளி, கொல்லைக்காட்டுக்கு நடுவில் அந்தப் பண்ணை. எழுபத்திரண்டு பன்றி, ஒரு அல்போன்ஸ். முதலாளி மாதவராஜ் ஓசூரில் இருந்தார். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம் வந்ததிலிருந்து வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் போர்டு தொங்கியது. தீவன வண்டிக்காரர்கூட மூட்டைகளை வெளியே இறக்கி, ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். மனைவி சகாயராணி செத்து மூன்று வருடம். மகள் திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் போடுவாள். “சாப்டியாப்பா?” என்பாள். அதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள்.

உள்ளே வரலாம் என்றிருந்தது டாக்டர் மட்டும்தான். போன மாதம் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி போட வந்தவர், அரைமணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அந்த அரைமணி நேரத்தை அல்போன்ஸ் இருபது நாள் வைத்துச் செலவழித்தார். அதுவும் தீர்ந்துபோய்விட்டது.

டாக்டர் உதவியாளர் மாதுவோடு வந்தார். வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, பூட்ஸ் மாற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வயிற்றைத் தட்டினார். தம்பட்டம் மாதிரி இருந்தது.

“வயிறு நெறஞ்சுதானே இருக்குது?”

“காத்தா இருக்குமுங்க.”

டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அல்போன்ஸுக்கு அன்றைக்குப் பன்றிச் சாணம் அள்ளும்போதுகூடப் பாட்டு வந்தது.

ஆசை யாரை விட்டது. ஐந்தாம் நாள் மறுபடியும் போன் போட்டார். போன தடவை மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, காலைத் தீவனத்தை நிஜமாகவே நிறுத்தி வைத்தார். முப்பத்தியொன்று கொட்டகை இடிகிற மாதிரி கத்தியது. அதைக் கேட்டு மீதி எழுபத்தியொன்றும் கத்தின.

“கத்துறத பாத்தா பசி மாதிரிதானே இருக்குது?” என்றார் வந்து இறங்கிய டாக்டர்.

“வலிங்க.”

டாக்டர் முகம் மாறியது. “ஒரே வாரத்துல ரெண்டு தடவ. நான் இதுல வெளையாட முடியாது அல்போன்ஸ். ரத்தம் எடுத்து அனுப்பறேன். பன்னிய நோவுக் கொட்டாய்ல தனியா கட்டுங்க. ரிசல்ட் வர பத்து நாளாவும். அது வரைக்கும் யாரும் உள்ளயும் வரக்கூடாது, வெளியவும் போகக்கூடாது.”

“நீங்க வருவீங்க இல்லீங்களா?”

“நாங்கதான் மொதல்ல வரக்கூடாது. பல பண்ணைக்குப் போறவங்க.”

“சப்போஸ் காய்ச்சல்னு வந்துச்சுன்னா?”

“அத்தனையும் குழி வெட்டிப் பொதைக்கணும்.”

எழுபத்திரண்டு. அதில் பதினொன்று, பால் குடிக்கிற குட்டி. அல்போன்ஸ் வாயைத் திறந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

நோவுக் கொட்டகை அவர் அறைக்குப் பின்னால் இருந்தது. முப்பத்தியொன்று அங்கே போனதும் ஒரு சுற்றுச் சுற்றியது. மற்றப் பன்றிகளின் சத்தம் வரும் பக்கம் மூக்கை வைத்துப் படுத்தது. தீவனத்தைத் தொடவே இல்லை. இந்தத் தடவை நிஜமாக.

சோயா கூடப் போட்டார். வெல்லத் தண்ணீர் வைத்தார். மேலே தண்ணீர் அடித்துக் குளிப்பாட்டினார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் அல்போன்ஸ் டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார்.

“டாக்டரம்மா, அது மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுங்க. இப்பத்தான் நெசமாவே சாப்பிட மாட்டேங்குது.”

“எல்லா நோவும் அப்படித்தான் ஆரம்பிக்கும்” என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் சோர்ந்துபோய், களித் தட்டோடு கொட்டகைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாய் போட்டார். பின்னால் தொட்டியில் சத்தம் கேட்டது. திரும்பினார். முப்பத்தியொன்று தின்றுகொண்டிருந்தது. அவர் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது. மறுபடி ஒரு வாய் போட்டார். அதுவும் தலையைக் குனிந்தது.

அன்றிலிருந்து பன்றி சாப்பிடுவதற்காக அல்போன்ஸ் நாள் ஒன்றுக்கு நாலு வேளை சாப்பிட வேண்டியதாயிற்று. களி கிண்டிக் கிண்டிக் கை வீங்கியது. சும்மா மெல்லுகிற மாதிரி பாவனை செய்து பார்த்தார். அது ஏமாறவில்லை. கட்டிலையும் கொட்டகைக்கே கொண்டுவந்து போட்டார். நடுநடுவே பேச்சும் வேண்டியிருந்தது. சகாயராணி கல்யாணத்தன்று செருப்புத் தொலைத்த கதையை நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் முப்பத்தியொன்று காதை ஆட்டியது.

அந்தக் கொட்டகையில் கேமரா இருப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. மாதவராஜ் ஓசூரிலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணா, என்ன நடக்குது அங்க? பன்னிகூட ஒரே தட்டுல சாப்பிடறீங்களா?”

“தட்டு வேறங்க. நேரந்தான் ஒண்ணு.”

“யாரோட பேசறீங்க?”

“அதோடதாங்க.”

“உங்களுக்குக் காய்ச்சல் ஏதாச்சும் அடிக்குதா? ரிசல்ட் வரட்டும். அந்தப் பன்னிக்கு ஏதாவது இருந்துச்சுன்னா பண்ணையே இல்ல. ஒண்ணுமில்லன்னா, எதுக்கு இந்தக் கூத்துன்னு நீங்க எனக்குச் சொல்லணும்.”

இருந்தால் எழுபத்திரண்டும் குழிக்குப் போகும். இல்லாவிட்டால் வேலை போய் அல்போன்ஸ் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் வீடு பூட்டிக்கிடந்தது. அதைத் திறந்தாலும் யாரோடு பேசுவது?

பத்தாம் நாள் டாக்டரும் மாதுவும் வந்தார்கள். அல்போன்ஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குது” என்றார் டாக்டர்.

அல்போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, இதற்கு மேல் தாங்காது என்று, “டாக்டரம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டனுங்க. அது மொத நாளே ரெண்டு வாளி தின்னுச்சு” என்றார்.

டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “மத்த பன்னிங்களோட சேர்த்து வுட்டுடுங்க. தனியா கட்டுனதாலதான் சாப்பிடாம கெடந்துச்சுன்னு உங்க மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன். வியாழக்கெழம வந்து பாக்கறேன்.”

“அதான் ஒண்ணும் இல்லீங்களே?”

“ஆமா, இல்ல. வியாழக்கெழம வரேன். வாரா வாரம் வரேன்.”

டாக்டர் குழாயடிக்குப் போய் பூட்ஸைக் கழுவ ஆரம்பித்தார். அல்போன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மாதுவின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“ஏம்ப்பா மாது, டாக்டரம்மா எம்மேல கோவமா? நான் இவ்ளோ பெரிய பொய் சொல்லியிருக்கறேன், ஒரு வார்த்த திட்டலயே?”

மாது பெட்டியின் வாரை இழுத்து மாட்டினார்.

“எத்தன பேரத் திட்டறதுங்ண்ணா? பன்னி திங்கலன்னு கூப்புட்டதுல இந்த மாசத்துல இது ஆறாவது பண்ணை. எல்லாத்துலயும் எழுவது எம்பது பன்னி, ஒத்த ஆளு. இன்னிய தேதி வரைக்கும் ஒரு பன்னிக்குக்கூட நோவு இல்ல.”