ஏழாம் எண் வில்லை

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இன்றைய தேதிவரை நலம். நாளைக்கு உத்தரவாதம் இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு காலை உன் அக்கா படகில் ஏறப் போகிறாள். நீதான் ஏதாவது சொல்லித் தடுக்க வேண்டும். என் பேச்சைக் கேட்டு அவள் எதையாவது நிறுத்தி எத்தனை வருடமாகிறது என்பது உனக்கே தெரியும்.

ஏரிக்கரைக் கொட்டகையில் கிடந்த பழைய பாய்மரப் படகை ஆறு பேர் சேர்ந்து செப்பனிடுவதையும், அந்த ஆறு பேரில் உன் அக்கா ஒருத்தி என்பதையும் முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வார்னிஷ் வாசனை இல்லாத தலையணை கிடையாது. "நீங்களும் வாங்களேன், ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து வந்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நானோ வாளித் தண்ணீரையே தள்ளி நின்று பார்க்கிறவன். ஏறத்தான் மாட்டேன், கரையில் உட்கார்ந்து பதிவேடாவது எழுதித் தருகிறேன் என்று போனேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

படகோடு ஒரு பலகையும் கிடைத்திருந்தது. இடப்பக்கம் 'கரையில்', வலப்பக்கம் 'தண்ணீரில்' என்று எழுதி, பக்கத்துக்கு ஏழு ஆணி. ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை. படகில் ஏறும்போது வில்லையை வலப்பக்கம் மாட்ட வேண்டும், இறங்கியதும் இடப்பக்கம். அவரவர் வில்லையை அவரவர்தான் தொடலாம். மற்ற வில்லைகள் ஒரு டப்பாவில் இருக்க, ஏழாம் எண் மட்டும் 'தண்ணீரில்' பக்கம், மூன்று பூச்சுப் பெயிண்டோடு தொங்கியது. "அது கெடக்கட்டும் சார். போனவரு வந்து எடுத்துக்குவாரு" என்றார் படகைச் செப்பனிடும் தச்சர், தலையைக்கூடத் தூக்காமல். முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்த கை சும்மா இருக்குமா? போனவன் திரும்பிய குறிப்பில்லாமல் ஒரு கட்டம் திறந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. தச்சர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, பளபளவென்று தேய்த்து, 'கரையில்' பக்கம் மாட்டினேன். அத்தோடு விட்டேனா? எனக்கும் ஒரு எண் இருக்கட்டுமே என்று பதிவேட்டில் ஏழுக்கு நேரே என் பெயரை எழுதிக்கொண்டேன்.

காய்ந்த மரப்படகை முதலில் ஆழமில்லாத தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். பலகைகள் ஊறி உப்பி, இடுக்கெல்லாம் தானே அடைபட்டுவிடும். நான்காம் நாள் தண்ணீரை இறைத்து வெயிலில் விட்டார்கள். எல்லா இருக்கையும் மதியத்துக்குள் உலர்ந்தது. உன் அக்காவுக்குப் பக்கத்து இடம் மட்டும், சரியாக ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, இன்றுவரை ஈரம். துடைத்தாலும் ஊறிக்கொண்டு வருகிறது. ஆளே ஏறாவிட்டாலும் படகு அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஏழு டீ ஊற்றி வைத்தால் என் டீ மட்டும் நான் தொடுமுன்பே காலி. குழுத் தலைவியான பழைய தலைமையாசிரியையிடம் முறையிட்டேன். "நல்லதாப் போச்சு, பாய் இழுக்க ஒரு கை கொறையுதேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். தச்சர் வில்லையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வந்துட்டாருன்னு நீங்கதானே மாட்டினீங்க? வந்துட்டாரு. ஆனா பேரு ஒங்களுதா இருக்கு" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாவிட்டால் வீட்டில் சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று தெரியாது என்பதற்காக மட்டுமல்ல. அவள் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடு ஏரிக்குப் போவதை நினைத்து ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியாவது ஞாயிறன்று அவளை அங்கே வரவழைத்துவிடு.

பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் கால் நனையாத உன் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்று ஞாயிறு. அவள் புறப்படுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் போர்வைக்குள் கிடந்தேன். மதியம் சிரித்துக்கொண்டே வந்தாள். "அதுக்குள்ள வந்து படுத்துட்டீங்களா? கடைசி நிமிஷத்துல மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு வந்து ஏறுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. ஒரு வார்த்த பேசல, ஒரு குத்தம் சொல்லல. கையக்கூடப் பிடிச்சுக்கிட்டீங்க. கைதான் ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். அவள் கண்ணில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலமாகிறது. கொட்டகைக்கு ஓடினேன். அங்கே மாட்டி வைத்திருந்த என் மழைக்கோட்டு வெளியே உலர்ந்திருக்கிறது, உள்ளே சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. ஆறு வில்லைகள் கரைக்குத் திரும்பிவிட்டன. ஏழாம் எண் மட்டும் 'தண்ணீரில்'. ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. அவளைத் தடுக்காதே. எனக்குப் பெரிய அளவில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி உடனே அனுப்பு. அடுத்த ஞாயிறு அந்த ஈரத்தில் நான்தான் உட்காரப் போகிறேன். இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டப் போவதாக உன் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.