ஊசி நின்ற இடம்

என் வீட்டு ரேடியோவின் ஊசியைப் பொய் சொல்ல வைப்பது என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தேன். பெண்டாட்டி உண்மை சொல்லாத வீட்டில் ஊசி மட்டும் ஏன் சொல்லவேண்டும்?

நான் ரேடியோ ரிப்பேர்காரன். இருபத்திரண்டு வருஷமாகக் கடை. நான் சரிசெய்து கொடுத்த ஒரு ரேடியோவும் இதுவரை என்னிடம் திரும்பி வந்ததில்லை. இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுவது வழக்கம்.

சந்தேகம் சூட்டில் ஆரம்பித்தது. வீட்டில் இருப்பது பழைய வால்வு ரேடியோ. கொஞ்ச நேரம் ஓடினால் மண்டை சுடும், என்னைப் போல. போன வாரம் ஒரு நாள் சீக்கிரமாக வீட்டுக்கு வந்து அதன்மேல் கையை வைத்தேன். சுட்டது. ஊசியோ, காலையில் செய்தி கேட்டுவிட்டு நான் விட்டுப்போன ஏழாம் நம்பரிலேயே ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது.

"ரேடியோ கேட்டியா?"

"எனக்கு ஏதுங்க நேரம்?"

"சுடுதே."

"வெயில் பட்டிருக்கும்."

"இந்த மூலைக்கு வெயில் வராது."

"அப்ப உங்க கைதான் சுடுது. ஜுரமான்னு பாக்கறேன், இப்படிக் குடுங்க."

பார்த்தாள். இல்லை என்றாள். மறுநாளும் சீக்கிரம் வந்தேன். சுட்டது. அதற்கு மறுநாளும்.

ரேடியோ கேட்பது குற்றமில்லை. கேட்டுவிட்டு, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறாளே, அது எதற்கு? கூட யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இங்கே ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியில் வரிசையாக எண்கள். ஊசிதான் அவற்றுக்கிடையே ஓடி நிலையத்தைப் பிடிக்கிறது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ஊசிக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு நூலில் அது கட்டப்பட்டிருக்கிறது. திருகைத் திருப்பினால் நூல் நகரும். நூல் இழுத்த பக்கம் ஊசி போகும். தள்ளிக் கட்டிவிட்டால் ஏழில் வரவேண்டிய நிலையம் ஒன்பதில் வரும். ஏறக்குறைய என் குடும்ப வாழ்க்கை.

இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டினேன். இனி அவள் தேடும் நிலையம் தேடும் எண்ணில் இருக்காது. "ரேடியோவுக்கு என்னமோ ஆச்சுங்க" என்று என்னிடம்தான் வந்தாகவேண்டும். "கேக்கவே நேரமில்லைன்னியே, உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைக் கடையில் உட்கார்ந்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுமே நன்றாக இருந்தன.

மாலை வந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ சுட்டது. ஊசியை ஏழில் வைத்தேன். செய்தி கணீரென்று வந்தது. வரக்கூடாத இடத்தில்.

பின்பலகையைக் கழற்றினேன். யாரோ ஊசியைச் சரியான இடத்தில் கட்டியிருந்தார்கள். முடிச்சு என்னுடையதில்லை. என் முடிச்சு மிளகளவு இருக்கும். இது கடுகளவு.

வேலை தெரிந்த கை. எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட கை இன்னொன்றுதான்: அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவன். வயதில் சின்னவன். தலை நிறைய முடி. வீட்டுக்கு ஒருவன் வந்துபோகிறான் என்பது ஒரு வேதனை. அவன் முடிச்சு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்பது தனி வேதனை.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன்.

"மத்தியானத்துல எங்க வீட்டுக்கு யாராவது வர்றாங்களாண்ணே?"

"மிஷின் சத்தத்துல காலடி கேக்காது தம்பி. குரல் கேக்கும்."

"என்ன குரல்?"

"ஆம்பிளைக் குரல். ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டும் ஒண்ணையே பேசுது. ஒருத்தர் சொல்லும்போதே இன்னொருத்தரும் அதையே சொல்றார். சில நாள் உங்க வீட்டம்மா பாடறாங்க."

"பாடறாளா!"

"பாட்டுன்னு இல்ல. ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கறாங்க."

கல்யாணத்துக்கு முன்பு முறையாகப் பாட்டுக் கற்றவள். புதிதில் பாடச் சொன்னேன். "நீங்க கூடவே பாடுவீங்களே" என்று நிறுத்திக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் எனக்காகத் திறக்காத வாய்.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கதவுக்கு அப்பால் இரண்டு ஆண்குரல்கள். மழைக்கு வாய்ப்பிருப்பதாக இரண்டும் ஒரே மூச்சில் சொல்லின. கதவைத் தள்ளினேன்.

ஆண் யாருமில்லை. மேஜைமேல் எங்கள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பின்பலகை கழற்றிய இன்னொரு ரேடியோ, அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேற்று ரிப்பேர் செய்து கொடுத்தது. அதன் சொந்தக்காரி, தபால்காரர் மனைவி, நாற்காலியில். என் மனைவியின் பல்லிடுக்கில் நூல். கையில் என் சின்னத் திருப்புளி.

"மெதுவாச் சாத்துங்க. கையில என்ன, செருப்பா?"

"வார் அறுந்துபோச்சு. நீ என்ன பண்றே?"

"ஸ்ருதி சேக்கறேன். நம்ம ரேடியோ ஏழுல சொல்றதை இதுவும் சொல்லணும். கரகரப்பு போய் ரெண்டும் ஒரே குரலாகிற வரைக்கும் திருப்பணும். பாட்டு நேரமா இருந்தா அந்த ஸ்வரத்தைத் தொண்டையில பிடிச்சுக்கிட்டுத் தேடுவேன். சேந்த இடம்தான் ஏழு. ஊசிய அங்க கட்டிட வேண்டியதுதான்."

"இது என் ரிப்பேர்!"

"ரிப்பேரெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு," என்றாள் தபால்காரர் மனைவி. "ஊசிதான் ஒன்பதுல நிக்குது. நீங்க குடுக்கறது எல்லாமே அப்படித்தானே? மறுநாளே இங்க கொண்டுவந்திடுவோம்."

"எல்லாருமா?"

"தெருவே."

மனைவி நூலைக் கடித்து அறுத்தாள். "தலையைச் சாச்சுப் பாத்துக் கட்டறீங்க. எப்பவும் சரியா ரெண்டு விரற்கடை. ஒண்ணும் திரும்பி வந்ததில்லைன்னு அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிக்கறீங்க. எப்படிங்க சொல்றது?"

நான் செருப்பைக் கீழே வைத்தேன்.

"திங்கட்கிழமை பாத்தா நம்ம ரேடியோவுலயும் அதே ரெண்டு விரற்கடை," என்றாள் அவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "வேற எதுக்காவது அப்படிப் பண்ணீங்களா, இல்ல ரிப்பேர்தானா?"

"ரிப்பேர்தான்," என்றேன்.