ஃபிரிட்ஜுக்கு நான் போட்ட பூட்டு

என் அக்காள் மகளை, அவளுக்கு ஐந்து மாதம்கூட நிறையாத வயதில், ஒரு முற்பகல் பட்டினி போட்டவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. கவனக்குறைவாகச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பதினான்கு அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலின் துணையோடு, தலைக்கவசம் அணிந்துகொண்டு, மிகுந்த கவனத்தோடு செய்தேன். கவனமில்லாமல் தவறு செய்கிறவர்களை மன்னிக்க எல்லோருக்கும் தெரிகிறது. கவனத்தினாலேயே தவறு செய்த ஒருத்தியை என்ன செய்வதென்றுதான் என் குடும்பத்துக்கு இன்றுவரை புரியவில்லை. (ஆகவே சிரிக்கிறார்கள்.)

அப்போது நான் பொறியியல் முடித்து, ஒரகடம் சாலையிலிருந்த ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பென்னலூரில் அக்கா செல்வியின் வீட்டில் தங்கியிருந்தேன். வீடு என்பது மாடியில் ஒரு கூடம், ஒரு சமையலறை. கீழே வீட்டுக்காரர் பச்சையம்மாள். அத்தான் முருகேசன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அக்கா, ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலையில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தாள். அக்கா, அத்தான், நான் மூவருமே தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

அக்காவின் பிரசவ விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கள் அவளுக்குக் காலை ஷிப்ட், அத்தானுக்கு மதிய ஷிப்ட். காலையில் யாழினியை அத்தான் பார்த்துக்கொள்வார். அவர் கிளம்பி அக்கா திரும்பும்வரை பச்சையம்மாள் வைத்திருப்பார். அக்கா விடிவதற்குமுன் பால் எடுத்துப் பாட்டில்களில் வைத்துவிட்டுப் போவாள். இந்த ஏற்பாட்டில் ஒரு திருகாணிதான் குறைந்தது. எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை.

அக்காவுக்கு அந்த வேலை சாதாரணமானதல்ல. ஆறு வருடம் நின்று நின்று நிரந்தரமானவள். "கைக்கொழந்தக்காரி எத்தன நாள் தாங்குறான்னு பார்ப்போம்" என்று அவளுடைய சூப்பர்வைசர் சொன்னதாகத் தோழி ஒருத்தி வந்து சொல்லியிருந்தாள். "மொத வாரம் மட்டும் ஒரு கொறையும் இல்லாம ஓடிட்டா போதும். என்ன ஆனாலும் எனக்குப் போன் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அக்கா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் ஊரோடு போவதால் தன் ஃபிரிட்ஜைக் கொடுத்தார். "உள் பல்பு மட்டும் எரியாது. மத்தபடி தங்கம்" என்றாராம். அதை மாடியேற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டுப் பொருளைத் தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்கள் பட்ட பாடு என்ன என்றெல்லாம் சிந்திக்கக்கூடிய சமூக உணர்வு எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. இப்போது வாயை மூடிக்கொண்டு சிந்திக்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் குட்டியானை வண்டி வந்து நின்றது. அத்தானும் எதிர் அறை இளைஞர்கள் இருவரும் சட்டைக் கையை மடித்தார்கள். நான் அவர்களைப் படிக்கட்டின் அடியில் வரிசையாக நிற்கவைத்து, பத்து நிமிடம் பேசினேன். முழங்காலை மடக்கித் தூக்குவது எப்படி, கதவை நாடா போட்டு ஒட்டுவது ஏன், படிக்கட்டின் திருப்பத்தில் யார் முதலில் நகர வேண்டும் என்பதையெல்லாம் விளக்கினேன். பிறகு நால்வரும் தலைக்கவசம் அணிந்தோம். தொழிற்சாலைத் தலைக்கவசம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

"மேடம், தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?" என்றான் இளைஞர்களில் ஒருவன், கண்ணாடி மூடிக்குள்ளிருந்து.

"ஏ புள்ள, இது ஃபிரிட்ஜ். பாய்லர் இல்ல. தூக்கட்டுமா, இல்ல பரீட்ச எதுவும் எழுதணுமா?" என்றார் அத்தான்.

பச்சையம்மாள் வாசலுக்கு வந்து எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "இன்னாம்மா இது? ஃபிரிட்ஜ் ஏத்தப் போறீங்களா, பேங்க்கு கொள்ளையடிக்கப் போறீங்களா? நாலு பேரும் ஹெல்மெட்டு மாட்டிகினு கீறீங்க!"

ஹெல்மெட்டுக்குள் எவருக்கும் எவர் பேச்சும் கேட்கவில்லை. ஆகவே நான் மேல்படியில் நின்று விசில் ஊதினேன். ஓர் ஊதலுக்கு நகர்வு, இரண்டு ஊதலுக்கு நிறுத்தம். மாடியில் உறங்கிக்கொண்டிருந்த யாழினி முதல் ஊதலுக்கே எழுந்துவிட்டாள். ஆனாலும் வேலை நடந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை, யாருக்கும் ஒரு சுளுக்கு இல்லை. என் வாழ்நாளில் நான் நடத்திய மிகச் சிறந்த பளு நகர்வு அதுதான் என்று இன்றும் சொல்வேன். (வீட்டில் சொல்வதில்லை.)

மாடிக்கு வந்த பிறகுதான், ஃபிரிட்ஜை வழிநெடுகப் படுக்கவைத்துக் கொண்டுவந்த செய்தி தெரிந்தது. படுத்து வந்த ஃபிரிட்ஜை உடனே ஓடவிட்டால் கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். சில மணி நேரமாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்பார்கள். நான் எட்டு மணி நேரம் என்று தீர்மானித்தேன். மாலை ஆறு மணிவரை யாரும் மறந்தும் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாதே? தொழிற்சாலையில் இதற்கு ஒரு வழி உண்டு. பழுது பார்க்கும் இயந்திரத்தை யாரும் இயக்கிவிடாதபடி மின்சாரத்தைத் துண்டித்து, பழுது பார்ப்பவரே தன் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிடுவார். போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. நான் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த சிவப்புப் பெட்டிக்குள் ஃபிரிட்ஜின் பிளக்கை வைத்துப் பூட்டி, என் படம் போட்ட அட்டையையும் மாட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். சாவியைக் கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டேன்.

அடுத்துச் செய்த காரியத்துக்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. சரிபார்ப்புப் பட்டியலைப் பூர்த்திசெய்ய உட்கார்ந்தேன். பன்னிரண்டு அம்சங்களுக்கு டிக் போட்டேன். பதின்மூன்றாவது, 'பூட்டு அகற்றப்பட்டது, மாலை 6.00.' பதினான்காவது, 'இயக்கம் சரிபார்க்கப்பட்டது.' கையில் பேனா இருந்தது. ஆறு மணிக்கு எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்று அவற்றுக்கும் டிக் போட்டு, கையெழுத்திட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தொழிற்சாலையில் யாராவது இப்படி வேலைக்குமுன்பே படிவத்தை நிரப்பினால், அவர்களை நிறுத்திவைத்து அரைமணி நேரம் அறிவுரை சொல்கிறவள் நான்தான்.

ஆறு மணிக்கு நான் அந்த நகர்வைப் பற்றி மூன்று பக்க அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு நிமிர்ந்து பட்டியலைப் பார்த்தேன். டிக் இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கள் விடியுமுன் அக்கா பால் எடுத்து மூன்று பாட்டில்களில் நிரப்பினாள். குழந்தை விழித்துவிடும் என்று விளக்குப் போடவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது. பல்பு எரியாது என்பதுதான் முன்பே தெரியுமே? கதவில் தங்கை கையெழுத்தோடு பதினான்கு டிக் இருந்ததை முந்தின இரவே பார்த்திருந்தாள். பாட்டில்களை அடுக்கிவிட்டு, குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, கம்பெனிப் பேருந்துக்கு ஓடினாள். ஏழரைக்கு நானும் போனேன்.

பத்து மணியளவில் நான் நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம், பூட்டுப் போடும் முறை. "பூட்டுப் போடுவதற்கு முன்னால், அந்த இயந்திரத்தை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்" என்று நான் சொல்லி முடித்த கணத்தில், வாயிற்காவலர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மேடம், உங்க வூட்ல இருந்து கேட்டுக்குப் போனு. நீங்க ஃபிரிட்ஜைப் பூட்டிகினு வந்துட்டீங்களாம். கொயந்தைக்குப் பாலு இல்லையாம்."

நாற்பது பேரும் என் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன்.

தொலைபேசியில் அத்தானின் குரலைவிட யாழினியின் குரல்தான் முன்னால் வந்தது.

"மொத பாட்டில் ஏழு மணிக்குக் குடிச்சா. ரெண்டாவது புளிச்ச வாட அடிக்கி. ஃபிரிட்ஜு அடுப்பங்கரையவிடச் சூடா இருக்குன்னு பின்னால பாத்தா, நீ சிரிச்சிக்கிட்டுத் தொங்குத."

"பூட்ட உடைச்சிருக்கலாம்லா அத்தான்?"

"எப்படி உடைக்க? 'இதை அகற்றினால் என் உயிருக்கு ஆபத்து'ன்னு போட்டோவோட போட்டிருக்க. போட்டவதான் தொறக்கணும்னு எங்க கம்பெனியில போன மாசம்தான் என்ட்ட கையெழுத்து வாங்கினாவ."

"ஃபிரிட்ஜுக்குள்ள நான் இல்லையே!"

"அது எனக்குத் தெரியும். அந்த அட்டைக்குத் தெரியுமா?"

டப்பாப் பால் வாங்கிக் கலந்து கொடுத்தாராம். அவர் முகத்திலேயே துப்பிவிட்டாளாம். பச்சையம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்றாராம். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தவளும் நான்தான். பின்னணியில் பச்சையம்மாள் கத்தினார். "அவகிட்ட இன்னா பேச்சு? பசில அயுவுது கொயந்த! அம்மாகாரி கிட்ட இட்டுகினு போ!"

நான் விளைவுகளை எடைபோட்டேன். சாவியைக் கொண்டுபோய்த் திறந்தாலும் கெட்ட பால் நல்ல பாலாகாது. அக்காவிடம் கொண்டுபோனால், முதல் நாளே அவளை லைனை விட்டு இழுத்ததாகும். ஆறு வருட உழைப்பு என் டிக்கினால் போகக்கூடும். ஒரு பக்கம் அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. எடைபோட வேண்டியதே இல்லை என்பது எனக்கு அரை நிமிடம் கழித்துப் புரிந்தது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

"அக்கா கம்பெனி கேட்டுக்குக் கொண்டுவாங்க அத்தான். நான் வந்து பழிய ஏத்துக்கிடுதேன்" என்றேன். வெளியேறும் சீட்டில் 'காரணம்' என்ற இடத்தில், 'என் தவறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓர் ஆட்டோவில் ஏறினேன்.

அந்த ஆலையின் வாயிலில் அத்தானும், மடியில் குழந்தையோடு பச்சையம்மாளும் முன்பே வந்திருந்தார்கள். "விசிட்டர் பாஸ் இல்லாம யாரையும் கூப்பிட முடியாது" என்று காவலர் சொல்லிக்கொண்டிருந்தார். தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியுமாக இறங்கிய என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து சல்யூட் அடித்தார். ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று எண்ணிவிட்டார் போலும். அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும். என் நேர்மை விடவில்லை.

"நான் அதிகாரி இல்லீங்க. குழந்தையோட பாலைப் பூட்டுனவ."

காவலர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அத்தான் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளையாக, பெண் ஊழியர்களைச் சோதனையிடும் பெண் காவலர் ஒருவர் திரைச்சீலை போட்ட சின்ன அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தான் கெஞ்சியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. யாழினியைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். "லைன் லீடரா? செல்வியை உடனே கேட்டுக்கு அனுப்பு. நான் கேக்குறேன்னு சொல்லு."

நீல மேலங்கியும் தொப்பியுமாக அக்கா ஓடி வந்தாள். என்ன திட்டப் போகிறாளோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையை வாரிக்கொண்டு அந்தச் சோதனை அறைக்குள் போனாள். பெண் காவலர் திரையை இழுத்துவிட்டு, குறுக்கே நின்றுகொண்டார். அழுகை நின்றது.

அழுகை நின்ற பிறகு, உள்ளே இன்னொரு விசும்பல் கேட்டது.

"அக்கா, என்னை மன்னிச்சிரு" என்றேன் திரையைப் பார்த்து. "சூப்பர்வைசர்ட்ட நானே வந்து சொல்லுதேன். எல்லாம் என் தப்பு."

"ஏட்டி, சும்மா கெட. எட்டு மணிலருந்து பால் கட்டி நெஞ்சு கல்லாப் போச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு, பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன். முடியாது, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவோம்னு லீடர்கிட்ட பேப்பர் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். அப்பத்தான் போன் வந்திச்சு."

மேலங்கிப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்று திரைக்கு வெளியே நீண்டது. நான் வாங்கிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை.

இருபது நிமிடத்தில் அக்கா வெளியே வந்தாள். முகம் கழுவியதுபோல் இருந்தது. குழந்தை தோளில் உறங்கிவிட்டிருந்தது. அந்த அறையிலிருந்து வருகிறவர் யாரானாலும் சோதிக்க வேண்டும் என்பது விதி. பெண் காவலர் அக்காவைத் தடவிப் பார்த்துவிட்டு, சோதனைக் கருவியை யாழினியின் மேலும் ஓட்டினார். இடுப்பு வெள்ளிக்கொடியில் அது 'கீய்' என்று கத்தியது.

"ஆளு பெரிய ஆளுதான்" என்றார் அவர். பிறகு அத்தானிடம், "நாளைக்கும் இட்டுகினு வா, பத்து மணி டீ டைம்ல. இந்த ரூமு அப்போ சும்மாத்தான் கீது" என்றார். அந்தத் தாளை என் கையிலிருந்து பிடுங்கி நான்காகக் கிழித்தவரும் அவர்தான்.

ஏழு மாதம், வேலை நாள் தவறாமல், காலை ஷிப்ட் என்றால் காலையிலும் மதிய ஷிப்ட் என்றால் மாலையிலும், அத்தானோ பச்சையம்மாளோ யாழினியை அங்கே கொண்டுபோனார்கள். விரைவில் இன்னும் இரண்டு தாய்மார்களும் பிள்ளைகளை வரவழைத்தார்கள். அக்கா இப்போது அதே லைனில் லீடர்.

நான் திருமணமாகி மறைமலை நகரில் குடியேறிவிட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. தூக்கிக் கொடுக்க அத்தான் குடும்பத்தோடு வந்தார். எங்கள் சொந்தக்காரர் எவர் வீட்டில் எந்த மின்சாதனம் வந்து இறங்கினாலும் ஒரு சடங்கு உண்டு. அது முடியாமல் யாரும் என்னைப் பொருளின் பக்கத்தில் விடமாட்டார்கள். நாலரை வயது யாழினி முன்னால் வந்து நின்றாள். (அவள் பேசுவது முழுக்கப் பச்சையம்மாளின் தமிழ். அத்தானுக்கு அதில் தீராத வருத்தம்.)

"சித்தி, கைய தூக்கினு நில்லு."

நின்றேன். தோளில் தொடங்கி, பையைத் துழாவி, குதிகால்வரை அந்தச் சின்னக் கைகள் நிதானமாகத் தடவிக்கொண்டு போயின. பூட்டோ சாவியோ எதுவும் அகப்படவில்லை. "ஒண்ணியும் இல்ல. போலாம்" என்று தலையாட்டினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மெஷினைத் தூக்கப் போய்விட்டார்கள்.

"இந்தப் பக்கம் சரியாப் பாக்கல போல இருக்கே?" என்று நான் கையை இறக்காமலே நின்றேன். அவள் பெருமூச்சு விட்டு, மறுபடி தோளிலிருந்து தொடங்கினாள்.