வெள்ளைக் கல்லும் அரை ஃப்ளாஸ்க் டீயும்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். புதுச் சமையல் மேடைக்குக் கறுப்புக் கிரானைட்தான். வெள்ளை கூடவே கூடாது.

அழகுக்காகச் சொல்லவில்லை. நான் லாரி ஓட்டியவன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த மறுநாளே, ஸ்டீயரிங் பிடித்த கையில் என் மனைவி துடைக்கிற துணியைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மேடை துடைப்பது என் இலாகா. கறுப்புக் கல்லில் எண்ணெய் சிந்தினால் அது எனக்கும் கல்லுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். வெள்ளையில் ஒரு கடுகு புரண்டு படுத்தாலும் ஹாலில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவாள்.

"கறுப்பு மேல அப்படி என்னங்க ஆசை?"

"கம்பீரமா இருக்கும்ல."

"கம்பீரமா இருக்க அது என்ன சமையல்கட்டா, கோர்ட்டா?"

வாயால் அவளை ஜெயிக்க முடியாது. செய்து காட்ட வேண்டியதுதான். ஃப்ளாஸ்கில் கெட்டியாக டீ நிரப்பினேன். கடையில் கை தவறியதுபோல வெள்ளைக் கல்லில் ஊற்றுவேன். கறை பிடிக்கும். "பார்த்தியா!" என்பேன். அவ்வளவுதான்.

"தெருமுனைக் கல்லுக்கடைக்கு ஃப்ளாஸ்க் எதுக்குங்க?"

"தாகம் எப்ப வரும்னு யார் கண்டா?"

"அதுவும் சரிதான்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடையில் பலகை பலகையாகக் கிரானைட் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நின்றது. கடைக்காரர் தண்ணீரை வீசி வீசி ஒவ்வொன்றின் நிறத்தையும் காட்டினார். மேசைபோலப் படுக்க வைத்திருந்த ஒரு வெள்ளைப் பலகை முன்னால் இவள் நின்றுவிட்டாள். சாம்பல் நிறத்தில் அங்கங்கே பொட்டு. ஆசையாகத் தடவினாள். என் கன்னத்தைக்கூட அப்படித் தடவியது கிடையாது.

நான் மூடியைத் திறந்தேன். கை 'தவறியது'. அரை ஃப்ளாஸ்க் டீ பலகைமேல் ஓடியது.

"ஐயையோ! போச்சு! ஊறிடுச்சு பாரு! இனிமே எந்தக் காலத்துலயும் போகாது!"

அவள் பதறவே இல்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, கறை போகலைன்னா என்ன பண்றது?"

"என்னம்மா பண்றது? முழுப் பலகையும் உங்களுதுதான். கறையோட யாரு வாங்குவா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வெள்ளையும் வந்து, அதில் கறையும் வந்தால்? வருகிற விருந்தாளிக்கெல்லாம் "இது இவர் ஊத்தினது" என்று சுற்றிக் காட்டுவாளே! செத்தாலும் அந்தக் கறை பேசுமே!

"இந்தாங்க" என்று பையிலிருந்து துணி எடுத்து நீட்டினாள். எங்கள் வீட்டு மேடைத் துணி. கல்லுக்கடைக்கு அது ஏன் வந்தது என்று கேட்க எனக்கு ஏது நேரம்? லாரிக் கண்ணாடி துடைக்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் துடைத்தேன்.

"ஓரத்துல ஒரு தடவை" என்றாள். ஓரத்தையும் துடைத்தேன்.

பழுப்பு மறைந்தது. வெள்ளை எட்டிப்பார்த்தது. பிறகு முழுசாகச் சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போயிடுச்சு! சுத்தமா போயிடுச்சு! எல்லாரும் தொட்டுப் பாருங்க! டீ கொட்டின அடையாளமே இல்ல! கல்லுன்னா இதுய்யா கல்லு!"

கடையில் இருந்த பாதிப்பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"கேட்டீங்களாண்ணே? கறுப்புன்னு ஒத்தக்கால்ல நின்னவரே சொல்லிட்டாரு. மேடைக்கு இதையே அறுத்துடுங்க. சுவத்துக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம்."

கறை போன நிம்மதியில் நானும் தலையை ஆட்டிவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் புத்தி வந்தது.

"கறை போயிடும்னு உனக்கு எப்படித் தெரியும்? கல்லைப் பத்தி அவ்வளவு தெரியுமா?"

"கல்லைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? துடைக்கிறவரைப் பத்தித்தான் தெரியும்."