ஏழாவது பாட்டு வரட்டும்

பாட்டுக் கேட்கிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பாத்திரம் கழுவும்போது கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், தூக்கம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு ஒரு பிறவியைப் பற்றி. நம்மை உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, “இப்பக் கேளுங்க” என்று பாட்டைப் போட்டுவிட்டு, பாட்டைக் கேட்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அவரைப் பற்றி. அப்பேர்ப்பட்டவர் ஹெவி மெட்டல் ரசிகராகவும் அமைந்துவிட்டால்? காது கிடக்கட்டும், அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும். முகத்தை என்ன செய்வீர்கள்? எவ்வளவு நேரம்தான் அதை உருக்கமாகவே வைத்திருப்பீர்கள்?

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருப்பார். அதன் மார்பில் இசைக்குழுவின் பெயர் எழுதியிருக்கும். எழுதியிருப்பதாக அவர் சொல்வார். நமக்குத் தெரிவதெல்லாம் பிடுங்கிப் போட்ட செடியின் வேர்தான். ஆளைப் பார்த்து முரடர் என்று எண்ணிவிட வேண்டாம். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுகிற சாது. வாசலில் யாராவது சண்டை போட்டால் கதவைத் தாளிட்டுக்கொள்வார். ஆனால் தொண்டை கிழியக் கத்துகிற பாடகன் ஒருவன் கிடைத்துவிட்டால் போதும், கண்ணில் குளம் கட்டிவிடும். “கொஞ்சம் சத்தமா இருக்கே” என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பரிதாபமாகப் பார்ப்பார். “இது சத்தம் இல்லீங்க. வலி” என்பார். அதற்குமேல் நாம் என்ன பேசுவது? வலிக்கிறது என்கிறவனிடம் வால்யூமைக் குறை என்று சொல்ல முடியுமா?

பாட்டு உடனே வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முதலில் பீடிகை. இந்த ஆல்பம் பிறப்பதற்குள் குழு பட்ட பாடு, டிரம்ஸ்காரன் கோபித்துக்கொண்டு போனது, திரும்பி வந்தது, கிட்டார்காரனுக்கு மணிக்கட்டு வீங்கியது, பாடகன் ஒரு மர வீட்டில் தனியாக உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு வரிகள் எழுதியது. நம் வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததை அவர் இதுவரை விசாரித்ததில்லை. பிறகு ஒருவழியாகப் பாட்டு ஆரம்பிக்கும். “இந்த இடம்” என்று நம் தொடையில் தட்டுவார். நாம் தலையாட்டுவோம். “இன்னும் அந்த இடம் வரல” என்பார். தப்பான இடத்தில் உருகிவிட்டோம்! சரி, நிஜமான இடத்தில் உருகலாம் என்று காத்திருந்தால் அது எப்போது வந்துபோனது என்றே தெரியாது. பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? “முதல் தடவ பிடிக்காது. அதுதான் இதோட அழகு” என்பார். பிடித்திருக்கிறது என்றால்? இன்னொரு தடவை போடுவார்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, எங்கே பார்த்தாய் என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை, என் சகலையே இந்த இனம்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க இருட்டு அறையில், வருகிறவர்கள் மூக்கின்மேல் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்பத் தெளிவா இருக்கா? இப்ப?” என்று கேட்டுப் பழகியவர். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் சும்மா இருக்காது. பாட்டின் நடுவே நம் பக்கம் குனிந்து, “இப்ப உள்ள ஏதாவது பண்ணுதா? இப்ப?” என்பார். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை நல்லெண்ணத்தோடு படியேறி வந்து, “வாஷிங் மெஷின் உடைஞ்சுடுச்சா? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு” என்றார். அவரையும் உட்காரவைத்துவிட்டார் சகலை. அன்றோடு அந்த மனிதர் மாடிப்படியை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவரின் குழு, பல வருஷ மௌனத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஆல்பத்தை வெளியிட்டது. அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமனார் வெளியூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். மறுநாள் காலை ஆபரேஷன். என் மனைவி முன்னதாகவே போய் அவர்கூட இருந்தாள். அவள் தங்கையையும் சகலையையும் காரில் ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு. மாமனாருக்கு வேறு ஆசை எதுவுமில்லை. உள்ளே போவதற்கு முன்னால் சின்ன மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் நான் போய் நின்றபோது கொழுந்தியாள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே சகலை ஃபேனை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அத்தான் வந்துட்டாரு. கிளம்பலாம்.”

“ஆபரேஷன் நாளைக்குத்தானே? ஒரு மணி நேரம்கூட ஆகாது. அண்ணே, நீங்களும் உக்காருங்க. முதல் தடவ கேக்கறது வாழ்க்கைல ஒரு தடவதான்.”

“கார்ல கேட்டுக்கக் கூடாதா?” என்றேன்.

சகலை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

உட்கார்ந்தோம். ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பீர்கள். இந்த இனத்தின் பலமே அதுதான். மறுத்துப் பேசுவதைவிட உட்கார்ந்து தொலைப்பது சீக்கிரம் முடியும் என்று நமக்குத் தோன்றிவிடும். அடுத்தது ஃபோன்கள். முதல் தடவை கேட்கும்போது ஃபோன்களெல்லாம் சமையலறையில் கரண்டி டிராயருக்குள் போய்விட வேண்டும், அது அந்த வீட்டுச் சட்டம். கொழுந்தியாள் கொடுக்க மறுத்தாள். “அப்பா கூப்பிடுவாரு” என்றாள். பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கிடைத்தது. ஃபோன் டிராயருக்குத்தான் போக வேண்டும், ஆனால் மணியை நிறுத்த வேண்டியதில்லை.

ஆல்பத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாடகனின் அப்பா செத்துப்போனார். சாவதற்கு முன்னால் மகனைக் கூப்பிட்டார். மகன் மேடையில் கத்திக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் மொத்த ஆல்பமும். நிஜமாகவே துக்கமான விஷயம், நான் கேலி செய்ய மாட்டேன். முதல் பாட்டில் கோபம், இரண்டாவதில் அதைவிடக் கோபம், மூன்றாவதில் என் கடைவாய்ப் பல் ஆடியது. நான் சோபாவில் நெளிந்தபோதெல்லாம் சகலை கை காட்டி அமர்த்தினார்.

“ஏழாவது பாட்டு வரட்டும் அண்ணே. அதுலதான் இருக்கு எல்லாம்.”

வந்தது. அவ்வளவு நேரம் இடித்துக்கொண்டிருந்த டிரம்ஸ் சட்டென்று அடங்கியது. எங்கோ தூரத்தில் ஒரு ஃபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

கொழுந்தியாள் துள்ளி எழுந்தாள். “ஃபோன் அடிக்குதுங்க!”

“உக்காரு, உக்காரு. பாட்டுலதான். அவங்கப்பா கூப்பிடறாரு!” சகலையின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “எவ்வளவு நிஜமா இருக்கு பாத்தீங்களா? நம்ம வீட்டுல அடிக்கிற மாதிரியே இருக்கு!”

அதன்பிறகு கிட்டார் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பாடகன், ‘எடுத்திருக்கணும் அப்பா, எடுத்திருக்கணும்’ என்கிற அர்த்தத்தில் அலறினான். கொழுந்தியாள் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். இனி இருக்கக் கூடாது என்று எழப் போனேன். சகலை என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்து, காதோடு காதாகச் சொன்னார்:

“அழுதுட்டா அண்ணே! பத்து வருஷமா முயற்சி பண்றேன், இன்னிக்குத்தான் இவளுக்கு மெட்டல் புரிஞ்சிருக்கு!”

பாட்டு முடிந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா இருக்க வேண்டும், அதுவும் சட்டம். அந்த மௌனத்தில் கரண்டிகள் கலகலவென்று ஆடுகிற சத்தம் எங்கள் மூவருக்குமே தெளிவாகக் கேட்டது. பாட்டு முடிந்தும் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தியாள் ஓடி எடுத்தாள். என் மனைவிதான் பேசினாள். ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது. “எங்கடி போனீங்க எல்லாரும்? இன்னிக்கே பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டுக் கூப்பிட்டாரு, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க.”

கொழுந்தியாள் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் காரில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சகலை பின்னால் ஏறினார். பாதி வழி போனோம். பிறகு பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“எங்க ரசிகர் குரூப்ல போட ரெண்டு வரி எழுதியிருக்கேன் அண்ணே, கேளுங்க. ‘ஏழாவது பாடலில் என் மனைவியே அழுதுவிட்டாள். இதற்குமேல் விமர்சனம் தேவையா?’ எப்படி இருக்கு?”

கொழுந்தியாள் திரும்பாமலேயே கேட்டாள். “அந்தப் பாடகனோட அப்பாவுக்கு என்ன வியாதி?”

“நுரையீரல். ரெண்டு பக்கமும். கடைசி மூணு மாசம் ஆக்சிஜன்லதான் இருந்தாரு.” கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

“எங்கப்பாவுக்கு இன்னிக்கு என்ன ஆபரேஷன்?”

நான் கண்ணாடியில் பார்த்தேன். சகலை ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என் பிடரியைப் பார்த்தார். “கிட்னி... தானே?” என்றார்.

அவள் திருத்தவில்லை. நானாவது ‘வால்வு’ என்று எடுத்துக்கொடுத்திருக்கலாம். எடுத்துக்கொடுக்க மனசு வரவில்லை. இருக்கட்டும், கொஞ்சம் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வலி என்றால்தான் அவருக்கு உயிராயிற்றே.

மாமனார் கெட்டி உடம்பு, பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க அந்தப் பெண் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாளே, அதை எந்த ஆல்பத்திலும் யாரும் பாடப்போவதில்லை. மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். மாமனார் குழாய்களுக்கு நடுவிலிருந்து மகளைப் பார்த்தார். குரல் சரியாக எழும்பவில்லை.

“எவ்வளவு தடவ கூப்பிட்டேம்மா. எடுக்கலியே?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டுக் கேட்டுட்டு இருந்தோம்ப்பா.”

பெரியவர் முகத்தில் கோபமில்லை, குத்தலுமில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்களாக்கும் என்று நினைத்திருப்பார் போல. “நல்ல பாட்டா?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். நீங்களாக இருந்தாலும் தரையைத்தான் பார்த்திருப்பீர்கள். சகலை என்ன செய்தார் தெரியுமா? என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமான கண்ணீர்.

“ரொம்ப நல்ல பாட்டு மாமா! அப்பாவப் பத்தினதுதான். அப்பா கூப்பிடுவாரு, பிள்ளை எடுக்க மாட்டான். என்ன உணர்ச்சிங்கறீங்க! இருங்க, ஒரு நிமிஷம் கேக்கலாம்” என்று பாக்கெட்டிலிருந்து இயர்ஃபோனை எடுத்தார். நர்ஸ் வந்து அவரை வெளியே அனுப்பினாள். அந்த ஆஸ்பத்திரியில் அன்று நடந்த உருப்படியான வைத்தியம் அதுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கறுப்பு டீ-ஷர்ட் இல்லை. மெட்டல் என்றாலே உங்களுக்குத் தலைவலி. உங்களுக்கு சீரியல், கிரிக்கெட், கவிதை, குழந்தையை எப்படி அன்பாக வளர்ப்பது என்று அரைமணி நேரம் பேசுகிற வீடியோ என்று கௌரவமான சமாசாரங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையும் இருக்கிறது. ஐயோ பாவம் அந்தப் பெண் என்று மனசு இளகி இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம்.

நடுவில் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் “ம்” என்றீர்கள். என்ன கேட்டார்கள்?